வளைக்குப் பிறந்த பிராணி

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம்மூர்ச் சொலவடை. ஃபெரட்டுக்கு அது பொருந்தாது. அதற்கு வேண்டியது அடுத்தவன் வளை. மனிதன் அதைப் பழக்கியதே அதற்காகத்தான். முயல் வளைக்குள் தலையை விட்டு, இருட்டில் நெளிந்து போய், உள்ளே பதுங்கியிருப்பதை வெளியே விரட்டுவது அதன் பிறவித் தொழில். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த ஒரு வேலைக்கென்றே பொறுக்கி எடுத்து வளர்க்கப்பட்ட உடம்பு அது. இன்று அந்த உடம்பு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வரவேற்பறைச் சோபாவில் ஏறிப் படுத்திருக்கிறது.

யூடியூபில் ஃபெரட் குட்டிகள் துள்ளுவதைப் பார்த்துவிட்டு ‘ஒன்று வாங்கினால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்தப் பிராணியிடம் நம் மனதைப் பறிகொடுக்க வைக்கும் குணங்களும், வாங்கிய ஆறாம் மாதத்தில் ‘யாருக்காவது கொடுத்துவிடலாமா’ என்று யோசிக்க வைக்கும் தொல்லைகளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அந்த இடம் வளை. வீட்டையே வளையாக்கிக்கொள்ளத் தயாரா என்பதைத்தான் வாங்க நினைப்பவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹாரி பாட்டர் கதையில் மால்ஃபோய் என்ற பையனை வெள்ளை ஃபெரட்டாக மாற்றிவிடுவார்கள். அப்படி நமக்கு அறிமுகமான பிராணியைத் தமிழில் கீரி என்றும் மரநாய் என்றும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். இரண்டும் பொருந்தாது. கீரியும் மரநாயும் விலங்கியல் குடும்ப மரத்தில் பூனைப் பக்கத்துக் கிளை. ஃபெரட் நாய்ப் பக்கத்துக் கிளை. நமக்குத் தெரிந்தவற்றில் அதன் நெருங்கிய சொந்தம் காவிரியில் மீன் பிடிக்கும் நீர்நாய்தான். ஐரோப்பாவில் காட்டில் திரியும் போல்கேட் என்ற விலங்கைப் பழக்கி உருவாக்கப்பட்டது ஃபெரட். வட அமெரிக்கப் புல்வெளியில் ‘கருங்கால் ஃபெரட்’ என்று ஒன்று உண்டு. அது வேறு இனம், முழுக்கக் காட்டு விலங்கு. அற்றுப்போனது என்று கைவிடப்பட்டு, 1981இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் கவ்விக்கொண்டு வந்து போட்டபோதுதான் இன்னும் உயிரோடிருக்கிறது என்று தெரிந்தது. அதை யாரும் வீட்டில் வளர்க்க முடியாது. இங்கே பேச்சு வீட்டு ஃபெரட்டைப் பற்றி.

கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ, ஸ்பெயினையும் அதை அடுத்த தீவுகளையும் முயல்கள் பாழாக்கியதைச் சொல்லும்போது, வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் அனுப்பப்படும் ஒரு வேட்டைப் பிராணியைக் குறிப்பிடுகிறார். அது ஃபெரட்தான் என்பது பலர் கருத்து. பிரிட்டனின் கிராமங்களில் இன்றும் வளை வாய்களில் வலையை விரித்து, உள்ளே ஃபெரட்டை விட்டு முயல் பிடிக்கிறார்கள். இந்த வேலைத்திறமை எதிர்பாராத இடத்துக்கும் போயிருக்கிறது. 1971இல் இல்லினாய் மாநிலத்தில், பின்னாளில் ஃபெர்மிலேப் என்று பெயர் பெற்ற அணுத்துகள் ஆய்வகத்தில், நீண்ட குழாய்களுக்குள் கிடந்த உலோகத் துகள்களைத் துடைத்தெடுக்க ஃபெலிசியா என்ற பெண் ஃபெரட்டை வேலைக்கு வைத்தார்கள். கழுத்துப்பட்டையில் கட்டிய நூலை இழுத்துக்கொண்டு அது குழாயின் மறுமுனைக்குப் போகும். பிறகு அந்த நூலில் துடைப்பானைக் கட்டி இழுப்பார்கள். ஆனால் துகள் முடுக்கியின் முக்கிய வளையத்தின் நீண்ட இருட்டுக்குழாய்க்குள் நுழைய அது மறுத்துவிட்டது. மனமிருந்தால்தான் வேலை. ஃபெரட்டின் குணத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இந்த உடம்பு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? ஆண் ஒன்று முதல் இரண்டு கிலோ இருக்கும். பெண் ஒரு கிலோவைத் தாண்டுவது குறைவு. தலை நுழைந்த ஓட்டைக்குள் உடம்பும் நுழைந்துவிடும். குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், துணி துவைக்கும் இயந்திரத்தின் அடிப்பாகம், சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் போகும் துவாரம், மெத்தையின் கிழிசல், இவையெல்லாம் அதன் கணக்கில் வளை வாய்கள். சாய்த்துப் படுக்கும் நாற்காலிகள் இருக்கின்றனவே, அவற்றின் இரும்புச் சட்டத்துக்குள் புகுந்து தூங்கும்போது, வந்தவர் அறியாமல் உட்கார்ந்து சாய்ந்தால் நசுங்கிச் செத்துப்போகும். வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சும் விபத்து இது. அதனால் அனுபவசாலிகள் அந்த நாற்காலியையே வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுகிறார்கள்.

அடுத்தது ரப்பர். ரப்பர் செருப்பு, அழிப்பான், காதில் மாட்டும் ஒலிப்பானின் நுனி, நுரை மெத்தை என எதையும் கடித்து விழுங்கும். குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். சாப்பிடாமல் சுருண்டு படுத்திருக்கும் இளம் ஃபெரட்டைப் பார்த்தால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். விழுங்காததை ஒளித்துவைக்கும். சாவி, காலுறை, பேனா, கைப்பேசி உறை, எல்லாம் சோபாவின் அடியில் ஒரு களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும். ஃபெரட் என்ற சொல்லுக்கு லத்தீனில் திருடன் என்ற வேர் உண்டு. பெயர் வைத்தவர் அனுபவப்பட்டவராக இருக்க வேண்டும்.

இதே குணம்தான் சந்தோஷமும். முதுகை வில்லாக வளைத்து, பக்கவாட்டில் துள்ளி, சுவரில் மோதி, ‘டுக் டுக்’ என்று கொக்கரித்தபடி மறுபடி ஓடிவரும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். புதிதாக வளர்ப்பவர் அதை வலிப்பு என்று நினைத்துப் பயந்துபோவார். அது உச்சக்கட்ட மகிழ்ச்சி. பூனையைப் போல ஒதுங்கியிருக்காது. நாயைப் போலக் கட்டளைக்குக் காத்திருக்காது. நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. தூக்கம் போக மிஞ்சிய நேரத்தில் அது முழு விசையில் இருக்கும். குறைந்தது நான்கு மணி நேரமாவது கூண்டைவிட்டு வெளியே ஓட வேண்டும், அப்போது கண்காணிக்க ஆள் வேண்டும். அலுவலகத்திலிருந்து எட்டு மணிக்கு வந்து பத்து மணிக்குப் படுக்கிறவர் வீட்டில் அது கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும். ஜோடியாக வைத்தால் ஒன்றோடொன்று விளையாடிக்கொள்ளும். ஆனால் செலவும் மலமும் இரட்டிப்பு.

மலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணல் தட்டில் போகப் பழக்கலாம். பூனை அளவுக்கு நம்ப முடியாது. பின்னோக்கி நடந்துபோய் மூலையில் கழிக்கும் வழக்கம் அதற்கு. அறையில் நான்கு மூலை இருந்தால் நான்கும் அதற்குச் சம்மதம். குடலின் நீளம் குறைவு, உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆகவே ஒரு நாளில் பல முறை துடைக்க வேண்டியிருக்கும்.

அந்தக் குட்டைக் குடலே உணவையும் தீர்மானிக்கிறது. ஃபெரட் முழுக்க முழுக்க மாமிச உண்ணி. தாவரப் பொருளைச் செரிக்க அதற்குக் குடல்வாலோ பெருங்குடல் பையோ கிடையாது. புரதமும் கொழுப்பும் நிறைந்த உணவு எந்நேரமும் கிண்ணத்தில் இருக்க வேண்டும். நாய்த் தீனி ஆகாது, அதில் மாவுப்பொருள் அதிகம். பழம், உலர்திராட்சை, பிஸ்கட், பால் இவை செல்லம் கொடுப்பதாக நினைத்துச் செய்யும் கெடுதல். நல்ல ஃபெரட் தீனி கிடைக்காத இடத்தில் தரமான பூனைக்குட்டித் தீனியைக் கொடுத்துச் சமாளிப்பார்கள். கைதேர்ந்தவர்கள் பச்சை இறைச்சியும் எலும்பும், சில வேளை முழுக் கோழிக்குஞ்சும் கொடுப்பார்கள். சைவக் குடும்பத்தினர் ‘தயிர்ச்சாதம் போட்டுப் பழக்கிவிடலாம்’ என்று நினைத்தால் அது பட்டினி போடுவதற்குச் சமம். சிறுவயதில் எந்த வாசனையை உணவென்று கற்றதோ அதைத்தான் பெரிதானபின்னும் உணவென்று ஏற்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். திடீரென்று தீனியை மாற்றினால் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

வாசனை என்றதும் எல்லோரும் கேட்பது ஃபெரட் நாறுமா என்பதுதான். நாறும். கஸ்தூரி கலந்த ஒரு கனத்த வாடை. ஆசனவாய் அருகிலுள்ள சுரப்பிகளை நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அந்தச் சுரப்பி பயந்தபோது மட்டும் பீய்ச்சுவது, சில நிமிடங்களில் கலைந்துவிடும். நிரந்தர வாடை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. கருத்தடை செய்தால் குறையும், மறையாது. அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்கும். வாடை முன்பைவிடக் கூடும். படுக்கைத் துணியை வாரந்தோறும் துவைப்பதுதான் பயன் தரும் ஒரே வழி. வளர்ப்பவர்களுக்கு மூக்கு பழகிவிடும். விருந்தாளிகளுக்குப் பழகாது.

கடிப்பதைப் பற்றிய பயம் ஓரளவு மிகை. குட்டிகள் ஒன்றையொன்று தடித்த தோலில் கடித்து விளையாடுபவை, மனிதத் தோல் மெல்லியது என்று அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டும். பொறுமையோடு சில வாரம் பழக்கினால் பெரும்பாலானவை நிறுத்திவிடும். நெற்றியில் வெள்ளைக் கோடோ, தலை முழுக்க வெள்ளையோ உள்ளவற்றில் பல பிறவிச் செவிடு. அவற்றைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும், அது அவற்றின் குற்றமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கைக்குழந்தை இருக்கும் அறையில் ஃபெரட்டை ஆளில்லாமல் விடக்கூடாது. தூங்கும் சிசுக்களைக் கடுமையாகக் கடித்துக் குதறிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. முயல், வெள்ளெலி, கிளி வளர்க்கும் வீட்டிலும் இதற்கு இடமில்லை. அதன் மூக்குக்கு அவை இரை.

இனி உடல்நலம். இங்கேதான் கணக்கு கையைக் கடிக்கும். ஃபெரட்டின் ஆயுள் சராசரியாக ஐந்திலிருந்து எட்டு ஆண்டு. மூன்று நான்கு வயதிலேயே முதுமை நோய்கள் எட்டிப்பார்க்கும். கணையத்தில் வரும் கட்டி இன்சுலினைக் கட்டுக்கடங்காமல் சுரக்க வைக்கும். ரத்தச் சர்க்கரை இறங்கி, பின்னங்கால் தள்ளாடி, வாயில் எச்சில் ஒழுகி, கண் வெறித்து நிற்கும். அட்ரினல் சுரப்பி நோயில் வாலில் தொடங்கி முதுகெல்லாம் முடி கொட்டும். ஆணுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். இந்த இரண்டாவது நோய்க்கும் மனிதனின் அவசரத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று கால்நடை மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். அமெரிக்கப் பெரும் பண்ணைகள் ஐந்தாறு வாரக் குட்டியாக இருக்கும்போதே கருத்தடை செய்து கடைகளுக்கு அனுப்பிவிடுகின்றன. பாலுறுப்புகள் போனபின் மூளை அனுப்பும் ஹார்மோன் கட்டளைகளைத் தடுக்க ஆளில்லை. அவை அட்ரினல் சுரப்பியை ஓயாமல் தூண்டுகின்றன. இரவெல்லாம் விளக்கெரியும் வீடு இதை இன்னும் மோசமாக்கும். கோடையா குளிர்காலமா என்பதை ஒளியின் நீளத்தை வைத்தே கணக்கிடும் உடம்பு அது.

அப்படியானால் கருத்தடை வேண்டாமா? அங்கேயும் ஒரு கத்தி தொங்குகிறது. வளர்ப்பவர்கள் பேச்சில் ஆண் ‘ஹாப்’, பெண் ‘ஜில்’. ஜில் பருவத்துக்கு வந்துவிட்டால் ஆணோடு சேரும்வரை அந்தப் பருவம் அடங்குவதில்லை. மாதக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையை அழித்து, ரத்தச்சோகையில் கொன்றுவிடும். இதற்காகவே பிரிட்டனில் சிலர் விந்துக்குழாய் வெட்டப்பட்ட ஆண் ஒன்றை வைத்திருந்து, ஊரிலுள்ள ஜில்களுக்கு அனுப்புவார்கள். சேர்க்கை நடக்கும், பருவம் அடங்கும், குட்டி பிறக்காது. இப்போது டெஸ்லோரெலின் என்ற மருந்தை அரிசி அளவில் தோலுக்கடியில் பதிக்கிறார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ அது ஹார்மோனை அடக்கிவைக்கும். என் பார்வையில் இதுதான் நாகரிகமான வழி. ஆனால் அந்த மருந்து கிடைக்கும் ஊரில் இருக்க வேண்டும், பதிக்கத் தெரிந்த மருத்துவர் இருக்க வேண்டும், ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செலவழிக்க வேண்டும். வாங்கும் விலை இந்தச் செலவுகளுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

தடுப்பூசியும் தவறக்கூடாது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் ஃபெரட்டுக்கு வந்தால் பிழைப்பது அரிதினும் அரிது. தெருநாயைத் தொட்ட கையோ செருப்போ அதைக் கொண்டுவந்துவிடும். அமெரிக்காவில் ஃபெரட்டுக்கான ரேபிஸ் தடுப்பூசி 1990இல்தான் அங்கீகாரம் பெற்றது. நமக்கு வரும் இன்ஃப்ளூயன்சா அதற்கும் வரும், அதிலிருந்து நமக்கும் வரும். இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1933இல் லண்டனில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா மூவரும் மனிதக் காய்ச்சலை ஃபெரட்டுக்குக் கடத்திக்காட்டித்தான் அந்நோய்க்குக் காரணம் வைரஸ் என்று நிறுவினார்கள். சில ஆண்டுகளில் அங்கேயே நோயுற்ற ஒரு ஃபெரட் தும்ம, ஆய்வாளர் ஒருவருக்கே காய்ச்சல் தொற்றியது. ஆகவே வீட்டில் ஜலதோஷம் என்றால் ஃபெரட்டிடம் முகத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

சட்டத்தைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டும். கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் ஃபெரட் வளர்ப்பது சட்டவிரோதம். டல்லாஸில் ஃபெரட்டோடு வாழ்ந்த ஒரு மென்பொருள் துறைக் குடும்பம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவுக்கு மாறினால், காரின் பின்னிருக்கையில் இருப்பது கடத்தல் பொருள். 2004இல் கலிஃபோர்னியச் சட்டமன்றம் இவற்றுக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் அதை நிராகரித்தார். 1990இல் ‘கிண்டர்கார்டன் காப்’ படத்தில் ஒரு ஃபெரட்டோடு அவர் நடித்திருந்ததை ஃபெரட் ஆர்வலர்கள் இன்றும் மறக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் வளர்க்கலாம், நியூயார்க் நகரத்தில் கூடாது. 1999இல் அந்நகர மேயர் ரூடி ஜூலியானி, தடையை நீக்கக் கேட்டு வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்தவரை மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி வறுத்தெடுத்தார். 2015இல் தடையை நீக்கும் முயற்சி நகரச் சுகாதார வாரியத்தில் மறுபடி தோற்றது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில் வளர்க்கலாம், குயின்ஸ்லாந்தில் தடை.

இந்தத் தடைகளைக் கேலி செய்வது எளிது. நியூசிலாந்தைப் பார்த்தால் கேலி நின்றுவிடும். கம்பளி ஆட்டு மேய்ச்சல் நிலங்களை முயல்கள் தின்று தீர்த்தபோது, 1880களில் ஆயிரக்கணக்கான ஃபெரட்டுகளை இறக்கி அவிழ்த்துவிட்டார்கள். முயல் தீரவில்லை. ஃபெரட்டுகள் காட்டில் நிலைத்து, பறக்கத் தெரியாத கிவிப் பறவைகளை வேட்டையாடுகின்றன. 2002 முதல் அங்கே ஃபெரட்டை விற்பதும் இனப்பெருக்கம் செய்வதும் குற்றம். 2050க்குள் நாட்டிலிருந்தே ஒழிக்க வேண்டிய வேட்டை விலங்குகளின் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். முதல் காரணம் வெயில். ஃபெரட்டின் உடம்பு வியர்த்துத் தணியாது. 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே துவளத் தொடங்கும், 30ஐத் தாண்டினால் உயிராபத்து. சென்னையில் மே மாதம் பல இரவுகளில்கூட வெப்பம் 27க்குக் கீழே இறங்குவதில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஏசி ஓட வேண்டும். ஒரு மதிய மின்வெட்டு போதும், கதை முடிந்துவிடும். ‘அப்படியென்றால் ஊட்டியில்?’ என்று கேட்கலாம். குளிர் பொருந்தும். ஆனால் தப்பியோடுவதையே தொழிலாகக் கொண்ட அந்நிய வேட்டைப் பிராணி ஒன்றை, ஃபெரட்டின் அபூர்வச் சொந்தக்காரனான நீலகிரி மார்ட்டின் வாழும் மலைக்கு யாராவது கொண்டுபோவார்களா? இறக்குமதி உரிமமும் உடல்நலச் சான்றும் காட்ட முடியாத விற்பனையாளரிடம் வாங்குவது இதைவிடப் பெரிய தவறு.

சட்டமும் தட்பவெப்பமும் இடம் கொடுக்கும் நாடுகளில் இருப்பவர்கள் வாங்கலாம். கடைக் குட்டியைவிட மீட்பு இல்லத்திலிருந்து மூன்று வயது ஃபெரட்டைத் தத்தெடுப்பது மேல். அதன் குணம் வெளிப்பட்டிருக்கும், கடிக்கும் பருவம் கடந்திருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே, உங்கள் ஊரில் ஃபெரட்டைத் தொட்டுப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரின் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபெரட் வளர்க்கும் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு மாலைப் பொழுது முழுக்க உட்கார்ந்துவிட்டு வாருங்கள். மறுநாள் காலை அன்று போட்டிருந்த சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.